பெட்டி ஏன் இளிக்கிறது? பனையோலை இழைப்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மாலை நான்கு மணிக்கு மேல் முற்றத்து வேம்பின் கீழே பாயை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஈரத்துணியில் சுற்றிய ஓலை வார்களை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டியைத் தொடங்குவதைவிட இதமான வேலை எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் அதே பெட்டியைப் பார்த்து முகம் சுளிப்பதைவிட எரிச்சலான வேலையும் தெரியாது. இந்தக் குறிப்பு அந்தக் காலை நேரத்துக்கானது.

நான் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். பிறந்த வீட்டில் ஒரு விசிறிகூட இழைத்ததில்லை. கற்றதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு, மாமியிடம். முதல் வருடம் எது பிழைத்தாலும் என் விரல்களைத்தான் நொந்துகொண்டேன். மாமி ஒருநாள் நான் அவிழ்த்துப் போட்ட வார் ஒன்றை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “விரலைப் பார்க்காதே கா, ஓலையைப் பார்” என்றார். அதன் பொருள் விளங்க இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. இழைப்பில் தெரிகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இழைக்கும்போது உண்டானவை அல்ல. நேற்று ஓலையை நனைத்த போதோ, போன வாரம் அதைக் காயவைத்த போதோ உண்டானவை. கீழே வருகிற அறிகுறிகளில் பாதிக்கு மேல் கடைசியில் தண்ணீரிடம்தான் போய் நிற்கும்.

வேறு ஊர்க்காரர்களுக்காக நான்கு சொற்கள். ஈர்க்கு நீக்கிய ஓலையைச் சம அகலத்தில் கிழித்தெடுத்த நாடா, வார். அதைக் கிழிக்கும் சிறு கத்தி, சத்தகம். அதன் பிடியின் கூரான முனையால் வாரைக் கிளப்பவும் செருகவும் முடியும். வார்கள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வொரு சதுரத்தையும் நாங்கள் கண் என்கிறோம். விளிம்பை மடித்துத் தைத்து முடிப்பது பொத்துதல்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

கையிலிருக்கும் வார் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டுங்கள். சரசரவென்று ஒலித்தால் காய்ந்திருக்கிறது. ஒலியே இல்லாமல் துணிபோலத் தொங்கினால் ஈரம் மிஞ்சிவிட்டது. பிறகு உதட்டின் மேல் வையுங்கள். குளிர வேண்டும், நனைக்கக் கூடாது. கடைசியாகச் சுண்டுவிரலில் சுற்றி விடுங்கள். மெதுவாக விரிந்து பாதியில் நின்றால் இழைக்கலாம். சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் ஈரம் வேண்டும். சுற்றியபடியே கிடந்தால் அரை மணி நேரம் நிழலில் விரித்து வையுங்கள்.

ஒரு நிமிட வேலை. நான் இதைச் செய்யாமல் தொடங்கிய பெட்டிகள் இன்று கோழி முட்டை வைக்கும் பெட்டிகளாக இருக்கின்றன.

மடிக்கும் இடத்தில் ஓலை முறிகிறது

முறிவு எந்தத் திசையில் என்று பாருங்கள். வாருக்குக் குறுக்கே வெடித்தால் ஒரு காரணம். நீளவாக்கில் பிளந்தால் வேறு காரணம்.

குறுக்கே வெடிப்பது வறட்சி. எங்கள் பக்கத்தில் இது வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் வரும் நோய். கச்சான் வீசும் காலம். (கச்சான் என்றால் வறுத்துத் தின்கிற நிலக்கடலையும்தான். நான் சொல்வது காற்றை.) தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் இழந்து, மலையிறங்கி வரும்போது சூடேறி எங்களிடம் வந்து சேர்கிறது. பலமாக வீசும் நாளில் கடற்காற்றையே தள்ளிக்கொண்டு வரும். மட்டக்களப்பில் வெப்பம் 38 பாகை செல்சியஸ் வரை ஏறிவிடும். காலையில் பதமாக இருந்த வார் பத்து மணிக்கு அப்பளம் ஆகிவிடுகிறது. மூன்று வாரை இழைப்பதற்குள் நாலாவது வார் காய்ந்துவிடுவதால் சில இடத்தில் மட்டும் முறியும். அதனால்தான் ஓலையே சரியில்லை என்று தோன்றும்.

செய்ய வேண்டியது: ஒரு துவாயை நனைத்து நன்றாகப் பிழிந்து, வார்களை அதில் சுற்றி இரவு முழுவதும் வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டு ஊறவிட வேண்டாம். அதன் பலனை அடுத்த அறிகுறியில் சொல்கிறேன். இழைக்கும்போது கைக்கு வேண்டிய இரண்டு மூன்று வார்களை மட்டும் வெளியே எடுங்கள். கச்சான் காலத்தில் வாசற்பக்கத்தை விட்டுவிட்டு வீட்டின் கிழக்குப் பக்கத்தில், சுவர் மறைவில் உட்காருங்கள். அதிகாலையில் இழைப்பது இன்னும் நல்லது.

இவ்வளவு செய்தும் குறுக்கே வெடித்தால் ஓலை முற்றியது. இழைப்புக்கு உரியது விரியாத குருத்தும் அதை அடுத்த இளம் சார்வும்தான். விரிந்து பச்சை ஏறிய ஓலையை எத்தனை துவாயில் சுற்றினாலும் திருந்தாது. வேலிக்குக் கொடுத்துவிடுங்கள்.

நீளவாக்கில் பிளந்தால் குற்றம் சத்தகத்தின் மேல். பனையோலையின் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. வார் அந்த நரம்போடு போக வேண்டும். மழுங்கிய சத்தகம் நரம்பை விட்டுவிட்டுத் தன் வழியில் போய், வாரின் ஓரத்தில் பாதி அறுந்த நரம்பு ஒன்றை விட்டுவைக்கும். அது மடிப்பில் பிளக்கும். தீட்டுங்கள், பிறகு வாரின் ஓரத்தை விரல் நகத்தால் ஒருமுறை வழித்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் அந்த வாரை ஒதுக்குங்கள்.

நடுவில் முறிந்துபோன வாருக்காக முழுப் பெட்டியையும் அவிழ்க்க வேண்டாம். புதிய வார் ஒன்றை, முறிந்ததன் மேலேயே படியும்படி, முறிவுக்கு நான்கு கண் பின்னாலிருந்து செருகி இழைத்துக்கொண்டு போங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும். பழைய நுனியைக் கடைசியில் வெட்டிவிடலாம்.

இறுக்கமாகத்தான் இழைத்தேன், மறுநாள் இளிக்கிறது

வார்களுக்கிடையே வாய் திறந்தாற்போல இடைவெளி விழுவதைத்தான் இளிப்பது என்கிறேன். அதிகம் பேர் அழுவது இதற்குத்தான். நானும் அழுதிருக்கிறேன்.

ஒரு வைகாசியில், கண்ணகி அம்மன் கோயிலில் திருக்குளிர்த்திச் சடங்குக்கு முதல்நாள், பச்சரிசி கொண்டுபோகப் புதுப்பெட்டி இழைப்பதென்று முடிவெடுத்தேன். நேரம் இல்லை. வார்களைப் பேசினில் அரை நாள் தண்ணீரில் போட்டேன். எடுத்தபோது பட்டுத்துணி போல இருந்தன. விரல் சொன்னபடியெல்லாம் வளைந்தன. கண்ணுக்குக் கண் ஒட்டி, ஊசி நுழைய இடமில்லாமல் வந்தது பெட்டி. இரவு பத்து மணிக்குப் பொத்தி முடித்து, எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காற்றுப்படும்படி குசினி யன்னலில் வைத்தேன். அடுத்த நாள் பிற்பகல் அரிசியைக் கொட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். படலை வரைக்கும் போயிருப்பேன். பின்னால் மச்சாளின் குரல்: “என்ன கா, சடங்கு கோழிக்கும் சேர்த்தா?” திரும்பினால், வாசலிலிருந்து படலை வரை அரிசிக் கோடு. அந்தக் கோட்டின் மேல் ஆறு கோழிகள் வரிசையாக வருகின்றன.

நடந்தது இதுதான். ஓலை தண்ணீர் குடித்தால் அகலத்தில் உப்பும். நீளத்தில் அநேகமாக அப்படியே இருக்கும். காயும்போது அந்த அகலம் திரும்பச் சுருங்கும். ஒரு வார் மயிரிழை அளவு சுருங்கினாலும், ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வார்கள் சேரும்போது அத்தனை மயிரிழைகளும் இடைவெளியாகிவிடும். ஈர ஓலையை எவ்வளவு இறுக்கி இழைத்தாலும் நீங்கள் இறுக்குவது ஓலையை அல்ல, அதற்குள் இருக்கும் தண்ணீரை.

நம்பாதவர்கள் ஊறிய வார் இருபதை ஒரு பலகையில் நெருக்கி அடுக்கி, இரண்டு ஓரத்திலும் பென்சிலால் கோடு போட்டுவிட்டு நாளைக்கு வந்து பாருங்கள். நான் சொல்லித் தெரிவதைவிட அந்தக் கோடுகள் நன்றாகச் சொல்லும்.

விளிம்பு இன்னும் பொத்தவில்லை என்றால் பெட்டி பிழைக்கும். அரைகுறையாகவே ஒரு முழு நாள் காய விடுங்கள். வார் நுனிகள் அவிழாமல் உடுப்புக் கிளிப் நாலைந்தைப் போடலாம். முழுதாகச் சுருங்கிய பிறகு, அடியின் நடுக்கண்ணில் தொடங்கி வெளிப்பக்கமாக, சத்தகத்தின் பிடி முனையால் ஒவ்வொரு வாரையும் அடுத்ததோடு ஒட்டும்படி தள்ளிக்கொண்டு வாருங்கள். நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது; இழுத்தால் பக்கத்து வரிசை கோணும். நடுவிலிருந்து நாலு பக்கமும் மாறி மாறி, பொறுமையாக. ஒரு சிறு பெட்டிக்கு அரை மணி நேரம் ஆகும். எனக்கு இந்த அரை மணி நேரம் இழைப்பதைவிடவும் பிடிக்கும். இடைவெளி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வரும்போது பெட்டி மெல்லக் கெட்டியாவதை உள்ளங்கையில் உணரலாம். பிறகு விளிம்புப் பகுதிக்கு மட்டும் ஈரக்கையால் தடவிப் பொத்துங்கள்.

பொத்தியாகிவிட்டது என்றால் இரண்டு வழிதான். விளிம்பை அவிழ்த்து மேலே சொன்னதைச் செய்யலாம். அல்லது உள்ளே துணி வைத்துத் தைத்து நூல், ஊசி போட்டுவைக்கலாம். மறுபடி நனைத்துப் பார்ப்போமே என்று நினைக்காதீர்கள். நனைத்தால் வாயை மூடும். காய்ந்தால் மறுபடி இளிக்கும்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு. கச்சான் காலத்தில் காய்ந்த வாரை வலுக்கட்டாயமாக இறுக்கி இழைத்த பெட்டி, மாரியில் ஈரம் குடித்து அடி உப்பி, மேசையில் ஆமைபோல நிற்கும். அதற்கு வைத்தியம் தேவையில்லை. தை பிறந்ததும் தானாக இறங்கும்.

பெட்டி கோணி நிற்கிறது, ஒரு கால் தூக்கி ஆடுகிறது

இங்கே தண்ணீருக்குக் குற்றமில்லை. கணக்குத்தான்.

சதுர அடியுள்ள பெட்டியில் மூலை வருவது, முதலில் இழைத்த சதுரத்தின் மூலையில் அல்ல. அந்தச் சதுரத்தின் நான்கு பக்கங்களின் நடுவில். அங்கேதான் வார்கள் குறுக்கிட்டு மேலெழும்பும். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் வார் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். பதினொரு வார் என்றால் நடு எங்கே? ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் மூலை எழுப்புவீர்கள், எதிர்ப்பக்கத்தில் ஆறுக்கும் ஐந்துக்கும் இடையில் எழுப்புவீர்கள், பெட்டி இடுப்பை வளைத்துக்கொண்டு எழும்.

எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியென்றால் நான்கு மூலையிலும் ஒரே உயரத்துக்கு எத்தனை கண் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு மூலையில் ஒன்று குறைந்தால் அங்கே ஒரு வார் இரண்டு கண்ணைத் தாண்டிப் போயிருக்கும். அதுவரை அவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதுவும் சரி, ஆனாலும் ஆடுகிறது என்றால் வார்களின் அகலம் ஒத்திருக்கவில்லை. அல்லது உங்கள் வலக்கை இடக்கையைவிட அதிகமாக இறுக்குகிறது, எல்லோருக்கும் அப்படித்தான். இரண்டு வரிசைக்கு ஒருமுறை பெட்டியைக் கால்வட்டம் திருப்பிப் பழகினால் இரண்டு கையின் பிழையும் நாலு பக்கமும் பரவி மறைந்துவிடும்.

மூடி இறங்கவில்லை, அல்லது தொளதொளவென்று விழுகிறது

மூடியை எப்போது இழைத்தீர்கள்? அடிப்பெட்டியைப் புரட்டாதியிலும் மூடியைக் கார்த்திகையிலும் இழைத்திருந்தால் இரண்டும் வேறு வேறு ஈரத்தில் பிறந்த பிள்ளைகள். ஒரே கட்டு ஓலையில், ஒரே வாரத்தில், அடியை முதலிலும் மூடியை உடனேயும் இழையுங்கள்.

அளவுக்கு வழி இது: மூடிக்கு ஒவ்வொரு திசையிலும் இரண்டு வார் கூட்டுங்கள். வார்கள் சாய்வாக ஓடுவதால், 5 மில்லிமீட்டர் அகல வார் என்றால் மூடியின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் பெரிதாகும். அடிப்பெட்டியின் விளிம்புத் தடிப்பு அதற்குள் அடங்கும். அகலமான வாரில் இந்தக் கணக்கு மூடியைத் தொளதொளப்பாக்கிவிடும். அப்போது எண்ணிக்கையைக் கூட்டாமல், வாரின் அகலத்தை மட்டும் ஒரு நூலிழை அளவு கூட்டிக் கிழியுங்கள்.

இறுகிய மூடியை எண்ணெய் தடவி இறக்கப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். எறும்புதான் இறங்கியது.

சாயம் கையில் ஒட்டுகிறது, திட்டுத்திட்டாக இருக்கிறது

வெள்ளைத் துணியை நனைத்துப் பெட்டியின் அடியில் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் சாயம் ஓலைக்குள் போகவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. இழைத்த பிறகு இதைத் திருத்த முடியாது. வெள்ளைச் சேலைக்காரர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்காமலிருப்பது ஒன்றே பரிகாரம்.

அடுத்த முறைக்கு: ஓலையின் மேல் மெழுகுபோன்ற ஒரு வழுவழுப்பு இருக்கிறது. சாயத்தில் போடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் கால்மணி நேரம் கொதிக்க வையுங்கள். கல்முனைக் கடைகளில் வாங்கும் சாயத்தூளை வேறொரு கோப்பையில் சுடுதண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்த பிறகுதான் பானையில் ஊற்ற வேண்டும். தூளை நேரே கொட்டுவதுதான் திட்டுக்களின் முதற்காரணம். இரண்டாவது காரணம், வார்க்கட்டை இறுக்கிக் கட்டுவது. கட்டின் இடுப்பில் சாயம் நுழையாமல் வெளிறிய பட்டை விழும். தளர்வாக, பூச்சரம்போலக் கட்டுங்கள். பானை பெரிதாக இருக்கட்டும். சமையலுக்குத் திரும்பப் போகாத பானையாகவும் இருக்கட்டும். கொதியில் அரை மணி நேரம், பிறகு அடுப்பை அணைத்து அதே தண்ணீரில் ஆறவிடுங்கள். அதன்பின் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். எங்கள் கிணற்றடியில் நான் சிவப்பு அலசும் நாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள், ஆட்டை வெட்டினேனா என்று.

ஒன்றை மறக்க வேண்டாம். சாயம் போட்ட வாரும் தண்ணீர் குடித்த வார்தான். சாய வாரை அன்றே வெள்ளை வாரோடு சேர்த்து இழைத்தால், சாயக் கோடுகளின் ஓரத்தில் மட்டும் இளிக்கும். இரண்டு நாள் நிழலில் முழுதாகக் காயவிட்டு, பிறகு எல்லா வார்களையும் ஒரே துவாயில் ஒன்றாகப் பதப்படுத்துங்கள்.

பூஞ்சணம் பிடித்திருக்கிறது

ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றோடு வரும் மழையில்தான் எங்கள் வருடத்து மழையின் பெரும்பகுதி கொட்டுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. சுவரே வியர்க்கும், பெட்டி என்ன செய்யும்?

முதலில், அது பூஞ்சணம்தானா என்று பாருங்கள். விரலால் தடவினால் சாம்பல்போல வந்தால் பூஞ்சணம். வராமல் பழுப்பு வளையமாக நின்றால் வெறும் தண்ணீர்க் கறை, விட்டுவிடலாம். கருப்புப் புள்ளிகள் ஓலைக்குள் இறங்கிவிட்டால் அவை போகா. பரவாமல் தடுக்க மட்டுமே முடியும்.

மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பெட்டியை வெளியே எடுத்துப்போய், காய்ந்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கண் கண்ணாகத் தட்டி உதறுங்கள். வீட்டுக்குள் செய்தால் பக்கத்திலுள்ள பாய்க்கும் விதைத்தது போலாகும். பிறகு வினாகிரியில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வெயிலில் வையுங்கள். வெயிலே இல்லாத வாரமென்றால் மின்விசிறிக்கு முன்னால் ஒரு இரவு. பைப்பைத் திறந்து கழுவிவிடாதீர்கள்.

மாமியின் காலத்தில் இந்த நோய் குறைவு. விறகடுப்புக்கு மேலே கட்டிய தட்டில் கடகமும் (பாரம் சுமக்கும் பெரிய ஓலைக்கூடை) சுளகும் பெட்டியும் அடுக்கியிருக்கும். நாள்தோறும் புகையும் சூடும் பட்டு, நிறம் கறுத்தாலும் பூஞ்சணம் அண்டாது. காஸ் அடுப்பு வந்ததும் குசினி வெள்ளையாகிவிட்டது, பெட்டிகள் பச்சையாகிவிட்டன. அவரிடம் இன்னும் இருக்கும் கடகம் ஒன்று 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டது. கூரை போன வீட்டில் மழையில் முழுதாக ஊறிக் கிடந்ததாம். “ஊறியது ஒரு இரவு. அடுத்த நாளே வேலியில் கவிழ்த்துப்போட்டேன், காற்றே காயவைத்தது” என்பார். ஓலை ஒருமுறை நன்றாக நனைந்ததால் கெடுவதில்லை; நாட்கணக்கில் அரை ஈரத்தோடு கிடந்தால்தான் கெடுகிறது. ஆகவே பெட்டியைப் பொலித்தீன் பையில் கட்டிப் பத்திரப்படுத்துவதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய துரோகம். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, மூடியைத் திறந்து, காற்றுப்படும்படி வையுங்கள்.

விளிம்பு அவிழ்கிறது

நுனிகளை எத்தனை கண் உள்ளே செருகினீர்கள்? ஒன்று, இரண்டு போதாது. மூன்றாவது கண்ணைக் கடந்த பிறகுதான் வெட்ட வேண்டும். வெட்டும்போது மேற்பரப்போடு ஒட்ட வெட்டாமல், கண்ணுக்குள் மறையும்படி சற்றே நீளம் விட்டு வெட்டுங்கள். பாரம் தூக்கும் கடகம் என்றால் செருகல் போதவே போதாது; பனை நாரால் விளிம்பைச் சுற்றிப் பொத்தினால்தான் நெல் தாங்கும்.

பிட்டு ஓலை மணக்கிறது, அல்லது நடுவில் வேகவில்லை

பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்குத் தனி நியாயம். மேலே இடைவெளியைத் திட்டினேன். இங்கே இடைவெளி வேண்டும். ஆவி ஏற வழியில்லாமல் கண்ணுக்குக் கண் நெருக்கிவிட்டால், பிட்டின் ஓரம் வெந்து நடு மாவாகவே நிற்கும். மாவு கீழே கொட்டாத அளவு, ஆவி புகும் அளவு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்களுக்கிடையே ஊசித்துளி வெளிச்சம் பரவலாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சத்தகத்தின் முனையால் மெல்லக் கிளப்பிவிடுங்கள்.

மணம் புதுப்பெட்டியின் மணம். முதலில் இரண்டு முறை வெறுமனே ஆவியில் வைத்து எடுத்துவிடுங்கள். மூன்றாவது முறை பிட்டு அவித்தால் தேங்காய்ப்பூவின் வாசம்தான் வரும். சாயம் போட்ட வாரை இதில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அவித்து முடிந்ததும் ஒட்டிய மாவைத் தட்டி, அலசி, கவிழ்த்துக் காயவிடுங்கள். இரவுப் பிட்டை மறந்து காலைவரை அதற்குள்ளே விட்டால் புளித்த மணம் ஓலைக்குள் போய்விடும். அதற்கு எனக்குத் தெரிந்த மருந்து புதிய நீத்துப்பெட்டி.

சில்லறைக் கோளாறுகள்

பெட்டிக்குக் கீழே மெல்லிய பொடி விழுந்தால் பூச்சி. நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள், திருப்பித் திருப்பி. சிறு பெட்டியென்றால் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் சில நாள் வைக்கலாம்; எடுத்ததும் பையிலிருந்து வெளியே எடுத்துக் காயவிட மறக்க வேண்டாம்.

பன் புல்லில் இழைத்த பாயின் ஓரம் சுருண்டு காலைத் தடக்கினால், அது ஓலையைப் போலப் பிடிவாதம் பிடிக்காது. பின்பக்கத்தில் ஈரக்கையால் தடவி, எதிர்த்திசையில் சுருட்டி ஒரு இரவு கட்டி வையுங்கள். அம்பாறைக் கரையோரத்தில் பன் இழைக்கிற பெண்களின் கைப்பாய் ஒன்று வாங்கி நாலு வருடமாகிறது. இந்த ஒரு குறையைத் தவிர வேறு குறை கண்டதில்லை.

இடுப்பு வலித்தால் எழுந்து போய்த் தேத்தண்ணீர் வையுங்கள். ஓலை துவாய்க்குள் காத்திருக்கும்.

எல்லாம் சரி, ஆனாலும் ஏதோ சரியில்லை

இளிக்கவில்லை, ஆடவில்லை, மூடி இறங்குகிறது. ஆனாலும் பெட்டியைப் பார்த்தால் ஊத்தை பட்டதுபோல ஒரு மங்கல், அங்கங்கே. என் மூன்றாவது வருடத்தில் இழைத்த பெட்டி அப்படி வந்தது. மாமியிடம் நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சாயங்காலம் நான் அடுத்ததைத் தொடங்கியபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடியிலிருந்த கட்டிலிருந்து ஒரு வாரை உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒரு பக்கம் மினுங்கியது. புரட்டினார். மறுபக்கம் மங்கல். மினுங்கும் பக்கம் மேலே வரும்படி அதை என் முன்னால் வைத்தார். அடுத்த வாரை எடுத்தார், பார்த்தார், புரட்டி வைத்தார். நாற்பது வார்களையும் அப்படி அடுக்கிவிட்டு, இருட்டுகிறது, விளக்கைப் போடு என்றார்.